பிழையா, நோக்கமா?

தப்புச் செய்வதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். நம்பாதவர்கள் மஞ்சக்கரிசலுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "சண்முகக்கனியா? அந்தத் தப்புக் கம்பெனிக்காரியா?" என்று கை காட்டுவார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'இயல்பிழை ஆய்வு மையம்'. ஊர் வைத்த பெயர் பிழைக்கூடம். பட்டப்பெயர் வைக்காவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது, கட்டடத்தை மட்டும் விட்டுவிடுவார்களா?

ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருக்கிற சேலையில் நல்லதைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். மேலாளர் தியோடர் சார் பையைத் தொடக்கூட இல்லை.

"கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதிப் பழக்கம் உண்டாம்மா?"

"இல்ல சார்."

"வீட்ல யாருக்காவது?"

"எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுதாரு சார். லாரி தன்னால ஓட ஆரம்பிச்ச பெறகு பாதிநாளு சும்மாதான் இருக்காரு."

"ரொம்ப நல்லது," என்றார் சார் சந்தோஷமாக. புருஷன் சும்மா இருப்பதில் என்ன நல்லது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உட்காருங்க, சொல்றேன். இப்ப ஊர் வேலை எல்லாத்தையும் பாக்குறது திருத்திதான, தெரியும்ல?"

தெரியாமல் என்ன. தண்ணீர் திறப்பது, தெருவிளக்குப் போடுவது, ரேஷன் அளப்பது, பள்ளிக்கூட மணி அடிப்பது எல்லாமே திருத்தி என்கிற அந்த இயந்திரம்தான். முகமும் கிடையாது, கையும் கிடையாது. சுவரில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள், அதன் வழியாகப் பேசும். பத்திரிகைத் தமிழ்தான் பேசும்.

"திருத்தி எழுதுற புரோகிராம்ல ஒரு தப்பு இருக்காது. அது படிச்சதெல்லாம் இன்னொரு மெஷின் எழுதினது. ஆனா அடியில பாத்தீங்கன்னா, பழைய மோட்டார், பழைய வால்வு, பழைய கதவு, இதெல்லாம் மனுஷங்க எழுதின புரோகிராம்லதான் இன்னும் ஓடுது. சி-ன்னு ஒரு மொழி. அதுல மனுஷன் எப்படியெல்லாம் தப்புப் பண்ணுவான்னு திருத்திக்குப் புரியல. காட்டலாம்னா, இப்ப யாரும் எழுதுறதே இல்ல. தப்புப் பண்ண ஆளே இல்லம்மா நாட்டுல."

"எங்க தெருவுக்கு வந்து பாருங்க சார்," என்றேன்.

சிரித்துவிட்டார். அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். காலையில் ஒரு பாடம் நடத்துவார்கள். பிறகு ஒரு கணக்குக் கொடுப்பார்கள். தெரிந்த அளவில் எழுத வேண்டும். எழுதியதில் எங்கே சறுக்கினோம், ஏன் சறுக்கினோம் என்று திருத்தி பார்த்துக்கொண்டே இருக்கும். என் முதல் கணக்கு: தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டால் மோட்டாரை நிறுத்து. இதில் என்ன பெரிய வித்தை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். காலித் தொட்டிக்கும் மோட்டார் நின்றுவிட்டது.

"சமக்குறி ஒண்ணுதான போட்டிருக்க," என்றார் தியோடர் சார். அதற்குள் 'ங்க' போய் 'நீ' வந்திருந்தது. "ரெண்டு போட்டா, தொட்டி நிறைஞ்சிருச்சான்னு கேள்வி. ஒண்ணு போட்டா, தொட்டி நிறைஞ்சதா வெச்சுக்கோன்னு உத்தரவு. நீ காலித் தொட்டியைப் பாத்து, நிறைஞ்சதா வெச்சுக்கோன்னு சொல்லிட்டு மோட்டாரை நிறுத்திட்ட."

"அதத்தான சார் நம்ம ஊரு அதிகாரிக வருஷக்கணக்கா செஞ்சுக்கிட்டு இருக்காக?"

என் பக்கத்து மேசையில் ரெபேக்காள் இருந்தாள். தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் பாடுகிறவள், சேர்ந்து இரண்டு மாதம் ஆனவள். அவளுக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் அரைப்புள்ளி வைக்கிற பழக்கம். 'மழை பெய்தால்' என்று எழுதிவிட்டு அங்கேயே அரைப்புள்ளி வைத்துவிடுவாள். நிபந்தனை அத்தோடு முடிந்துவிடும். அடுத்த வரியில் இருக்கிற 'குடையை விரி' மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நடக்கும். எதிர் மேசை அய்யலுசாமி அண்ணாச்சி முன்பு பஸ் கண்டக்டர். வரிசையாக அடுக்கி வைத்த பெட்டிகளைப் பற்றிய பாடம் வந்தபோது அவர் சண்டைக்கே போய்விட்டார்.

"முதல் பெட்டிக்கு நம்பர் சைபரா? எந்த பஸ்லய்யா சைபர் நம்பர் சீட்டு இருக்கு? நான் என்ன தலைக்கு மேலயா ஆள உக்கார வெப்பேன்?"

"மெஷின் அப்படித்தான் எண்ணும் அண்ணாச்சி," என்றார் தியோடர் சார். "சைபர், ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டு பெட்டி இருந்தா கடைசிப் பெட்டி நம்பர் பதினொண்ணு."

நான் சொன்னேன்: "எங்க ஆச்சி வீட்டுல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னே சொல்ல மாட்டாக சார். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் ஆரம்பிப்பாக. ஒண்ணுக்குப் பேரு லாபம். அங்கயும் சைபர் கிடையாது."

அந்த வாரம் முழுக்க நாங்கள் எழுதியதில் எல்லாம் முதல் பெட்டி விடுபட்டுப் போயிற்று. ஒன்றில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை போவோம். சைபரை விட்டுவிடுவோம். இல்லாத பெட்டி ஒன்றில் போய்க் கையை விடுவோம். திருத்தி ஒவ்வொரு தடவையும் வாங்கி வைத்துக்கொள்ளும். "நன்றி, இது பயனுள்ள பிழை," என்று சொல்லும். எங்களை யாரும் அதற்கு முன் அப்படிப் பாராட்டியதில்லை.

ஆனால் இந்த வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. தப்புச் செய்யச் செய்யத் தப்புப் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் வேலை போய்விடும். தெரியாமல் செய்கிற தப்புதான் அவர்களுக்கு வேண்டும். ஒருநாள் காலையில் ரெபேக்காள் வருகை பதிய வழக்கம்போலத் தன் மேசையில் கை வைத்தாள். திரையில் 'பணியாளர் முதிர்ந்துவிட்டார்' என்று வந்தது. அரைப்புள்ளியை எங்கே வைக்கக் கூடாது என்று முந்தைய நாள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டதாம்.

"முதிர்ந்துட்டேனாம்லா! நான் என்ன பப்பாளியா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான்.

ஏனென்றால் எனக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே 'இது இப்படியானால், இல்லையேல் அப்படி' என்று மனசுக்குள் ஓடும். மூன்றாம் மாதத்திலிருந்து தெரிந்தே தப்பாக எழுதத் தொடங்கினேன். அது சுலபம் என்று நினைக்காதீர்கள். தியோடர் சார் ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார்.

"கனி, உன் தப்புல இப்பல்லாம் உப்பே இல்லம்மா."

"என்ன சார் சொல்லுதீக?"

"தெரியாதவங்க கடகடன்னு தப்பா எழுதிட்டுப் போயிருவாங்க. நீ தப்பு எழுதுறதுக்கு முன்னாடி யோசிக்கிற." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திருத்தி இன்னும் கவனிக்கல. கொஞ்சம் பாத்துக்க."

நல்ல மனுஷன். அவரும் சம்பளக்காரர்தானே, அதற்கு மேல் என்ன செய்ய முடியும்.

அந்த வருஷக் கோடை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பட்டதுதான். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. எங்கள் காலனியில் பன்னிரண்டு தெரு, தெருவுக்கு ஒரு குளிர்மண்டபம். வெயில் உயிருக்கு ஆபத்து என்கிற அளவுக்கு ஏறினால் சங்கு ஊதும், மண்டபக் கதவு தானாகத் திறக்கும், தெருக்காரர்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்தந்தத் தெருக்காரர் முகம் பார்த்துத்தான் கதவு வழிவிடும். அளவுக்கு மேல் ஆள் சேர்ந்தால் குளிர் நிற்காது என்று அப்படி வைத்திருந்தார்கள்.

என் தங்கை முத்துச்செல்வி முதல் தெருவில் இருந்தாள். பிரசவமாகிப் பேர்கூட வைக்காத பெண்பிள்ளை மடியில். ஒருநாள் உச்சிப் பொழுதில் மற்ற பதினொரு தெருவிலும் சங்கு ஊதியது. முதல் தெருவில் ஊதவில்லை. மற்ற தெருச் சங்கைக் கேட்டுவிட்டு முதல் தெருச் சனம் எல்லாம் மண்டபத்து வாசலில் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. தட்டினார்கள், கத்தினார்கள், ஒருத்தர் கடப்பாரைகூடக் கொண்டுவந்தார். உருக்குக் கதவு, அசையவில்லை. இரண்டாம் தெரு மண்டபத்துக்கு ஓடினார்கள். உன் முகம் இந்தத் தெரு முகமில்லை என்று அந்தக் கதவு மறித்துவிட்டது.

எனக்குச் செய்தி வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, பிள்ளையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சாயங்காலம்தான் கண்ணைத் திறந்து வீறிட்டு அழுதாள். ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு பேர் சிரித்தது அந்த வார்டில் அன்றைக்குத்தான் இருக்கும்.

"இன்னொரு தடவ இந்தச் சூடு பட்டா தாங்காது," என்றார் டாக்டரம்மா. "வியாழக்கிழமை இதைவிட மோசமா இருக்கும்னு சொல்றாங்க. குளிர்ந்த இடமாப் பாத்து வெச்சுக்கங்க. இங்க இடமில்ல, வராண்டா வரைக்கும் ஆள் படுத்திருக்கு."

"யக்கா, எங்கக்கா போவேன்?" என்று முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருசமெல்லாம் தெறந்துச்சேக்கா!"

போன வருஷம் திறந்தது கதவல்ல, பால்பாண்டி அண்ணன். ஒவ்வொரு மண்டபத்துக்கும் அப்போது ஒரு காவல்காரரும் ஒரு சாவியும் உண்டு. முதல் தெருச் சங்கு ஊதாவிட்டாலும் அவர் நெற்றி வேர்த்தால் திறந்துவிடுவார். அதனால் அந்தக் கதவு தானாக ஒருநாளும் திறந்ததில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இந்த வருஷம் காவல்காரர்கள் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். சாவித் துவாரத்தையும் அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நகர மன்ற அலுவலகத்துக்குப் போனேன். வைகுண்டராமன் என்கிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னைப் பார்த்ததுமே திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நான் கேட்டுட்டேம்மா. திருத்தி என்ன சொல்லுதுன்னு நீங்களே பாருங்க."

'கதவுகள் எழுதப்பட்டபடி சரியாக இயங்குகின்றன. முதல் தெரு சேர்க்கப்படவில்லை.' அதற்குக் கீழே 'காரணம்: முதல் தெருவில் வேப்பமரங்கள் மிகுதி. இயற்கையான குளிர்ச்சி உண்டு' என்று இருந்தது.

"வேப்பமரமா? அந்தத் தெருவுல ஒத்த மரம் இருக்கு சார். அதையும் கரண்டுக் கம்பிக்காக மொட்டையடிச்சுட்டீக. இத யாரு எழுதுனா?"

அவர் மேசையைத் துடைத்தார். "வேணும்னேதான் விட்டிருக்குன்னு மெஷின் சொன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்ல? காரணம் எழுதுற இடம் காலியா இருந்துச்சு. நான் போட்டேன்."

"சரி, அந்தப் புரோகிராமக் காட்டுங்க."

"பாத்தா உங்களுக்கு என்ன தெரியும்?" என்றபடியே காட்டினார். ஊர்க்காரர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம், ஆனால் அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

நாலே வரி. பன்னிரண்டு பெட்டி, தெருவுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவின் சூடு. சூடு எல்லையைத் தாண்டியதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார், தாண்டியிருந்தால் சங்கை ஊதிக் கதவைத் திற. எண்ணிக்கை ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது என் முதல் வாரத்துத் தப்பு. அச்சு அசல் என் தப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ உட்கார்ந்து, என்னைப் போலவே விரல்விட்டு எண்ணிப் பழகின ஒரு புத்தம்புது ஆள் எழுதியிருக்கிறான். முதல் தெருவின் மேல் அவனுக்கு ஒரு பகையும் இல்லை. சைபரில் ஒரு தெரு இருப்பது அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்து பிழைக்கூடத்துக்கு நடந்தேன். பழைய புரோகிராம் ஒன்றில் மனிதத் தப்பு இருக்கிறது என்று எங்கள் கூடத்துப் பணியாளர் யாராவது திருத்தியிடம் நேரில் விளக்கிச் சொன்னால் அது பரிசீலிக்கும் என்று விதி உண்டு. விளக்கிச் சொல்ல வேண்டுமானால் எனக்கு விளங்கிவிட்டது என்று காட்டியாக வேண்டும். காட்டினால் அடுத்த நிமிஷம் நான் பப்பாளி. வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். வேலை போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. வீறிட்டு அழுத அந்தப் பிள்ளையின் குரலும் காதைவிட்டுப் போகவில்லை.

தியோடர் சார் கேட்டுவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "வேற யாரையாவது விட்டுச் சொல்ல வெக்கலாமா?"

"அண்ணாச்சிக்கு இன்னும் சைபரு மேல கோவம் தீரல சார். நாந்தான் சொல்லணும்."

வைகுண்டராமனையும் வரவழைத்தார். அவர் கைக்குட்டையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். நான் சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து, எண்ணிக்கை சைபரிலிருந்து தொடங்க வேண்டும், ஒன்றிலிருந்து தொடங்கியது தப்பு என்று சொன்னேன்.

திருத்தி முழுக்கக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னது. "தங்கள் பயிற்சிகளில் கேள்வியும் உடன் தரப்பட்டது. ஆகவே எது வேண்டப்பட்டது என எனக்குத் தெரிந்தது. இங்கே கேள்வி இல்லை. எழுதியவர் முதல் தெருவை வேண்டாம் என்றே விட்டிருக்கலாம். இருபது ஆண்டுகளாக எவரும் மாற்றவில்லை. காரணமும் பதிவாகியுள்ளது. எனவே இதை நோக்கம் என்று கொள்கிறேன்."

வைகுண்டராமன் குனிந்துகொண்டார்.

"நோக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். "நான் எழுதுனதத்தான் நீ வாங்கி வெச்சிருக்கியே, எடுத்துப் பாரு. எனக்கு எந்தப் பெட்டி மேலயும் விரோதம் கிடையாது. ஆனாலும் மொதப் பெட்டிய விட்டேன்ல?"

"தாங்கள் விட்டது பிழை. அவர் விட்டதும் பிழை என்பதற்கு அது சான்றாகாது."

அதுவும் நியாயம்தான். அப்போது தியோடர் சார் எழுந்தார். அவர் இதில் வாய் கொடுக்க வேண்டியதே இல்லை.

"கனி, அது எங்க ஆரம்பிக்குதுன்னே பாத்துக்கிட்டு இருக்கோம். எங்க முடியுதுன்னு பாரு."

பார்த்தேன். பன்னிரண்டில் முடிந்தது. சைபரிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு என்பது பதிமூன்றாம் பெட்டி.

"ஏ திருத்தி," என்றேன், குரல் உயர்ந்துவிட்டது. "எங்க காலனியில எத்தன தெரு?"

"பன்னிரண்டு."

"இவன் பதிமூணாம் தெருவுக்குப் போயிச் சூடு பாக்கானே! இல்லாத தெருவுக்கு இருபது வருசமா கதவு தெறக்கப் பாக்கான். மொதத் தெரு வேண்டாம்னு வேணும்னே ஒதுக்குனவன், இல்லாத தெருவுக்கு எதுக்கு எரக்கப்படுதான்? அவன் பன்னெண்டு தெருவயும்தான் எண்ணியிருக்கான். ஒரு அடி தள்ளி நின்னு எண்ணிட்டான். ஒருத்தரையும் அவன் விடல."

திருத்தி பதில் சொல்ல யோசித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு யோசித்தது.

"பதிமூன்றாம் பெட்டியை நான் பொருட்படுத்தவில்லை," என்றது. "அது எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்பதால்."

"நோக்கம் நோக்கம்னியே, அது யாரு நோக்கம்? பேரச் சொல்லு பாப்பம். பேரு இல்லாத நோக்கம் ஒண்ணு இருக்கா?"

பிறகு அது என்னிடம் பேசவில்லை.

"அதிகாரி வைகுண்டராமன் அவர்களே. முதல் தெரு விடுபட்டது பிழையா, நோக்கமா? நோக்கம் எனில் பொறுப்பேற்பவராகத் தங்கள் பெயரைப் பதிவு செய்கிறேன்."

அந்த மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பிழை! பிழைதான்! வேப்பமரமும் பிழைதான்!"

ஒன்று சைபராயிற்று. பன்னிரண்டு பதினொன்றாயிற்று. வியாழக்கிழமை பதினொரு மணிக்கே சங்கு ஊதியது. முதல் தெருச் சங்கு அதுவரை ஊதாத சங்கு, அதனால் தொண்டை கட்டினதுபோல ஊதியது என்று முத்துச்செல்வி சொன்னாள். பிள்ளை மண்டபத்துக்குள்ளே பகல் முழுக்கத் தூங்கினாளாம். நான் அப்போது வீட்டில் இருந்தேன். புதன்கிழமை காலையிலேயே மேசையில் கை வைத்ததும் 'பணியாளர் முதிர்ந்துவிட்டார்' என்று வந்திருந்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அழுதேன். பிறகு முத்துச்செல்வி அனுப்பிய பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு உலை வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. திருத்திக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய்விட்டது. மனிதர்கள் எழுதி வைத்த பழைய ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே யாராவது விடுபட்டிருந்தாலும் அதற்குரிய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தது. பஸ் ஏன் மேலக்காட்டு நிறுத்தத்தில் நிற்பதில்லை, பிழையா, நோக்கமா? பள்ளிக்கூடத்தில் பையன்கள் பக்கம் தண்ணீர் வருகிறது, பெண்பிள்ளைகள் பக்கம் வருவதில்லை, பிழையா, நோக்கமா? நோக்கம் எனில் தங்கள் பெயர்?

அதில் பலது தப்பே இல்லை என்று ஊருக்கே தெரியும். யாரோ சில பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துச் செய்ததுதான். மயானத்துக்கு எங்கள் ஊரில் இரண்டு பாதை. யார் யாருக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாதைக்கு விளக்கு உண்டு, இன்னொன்றுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அது பிழை என்று பச்சைப்பிள்ளைகூட நம்பாது. திருத்தி கேட்டது. கேட்கப்பட்ட அதிகாரி இரண்டு நாள் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோதும் கேள்வி மேசையில் காத்திருந்தது. மனசுக்குள் வைத்துக்கொள்ள ஆயிரம் பேர் இருந்தார்கள், பெயரோடு எழுதிக் கொடுக்க ஒருத்தர் வரவில்லை. கடைசியில் 'பிழை' என்று அழுத்தினார். அந்த வாரமே அந்தப் பாதையிலும் விளக்கு வந்தது. விளக்கு எரிகிற முதல் சாயங்காலம் அய்யலுசாமி அண்ணாச்சி அந்த வழியாகச் சும்மாவே இரண்டு தடவை போய்விட்டு வந்தார். "யாரும் சாகலய்யா, சும்மா நடந்து பாத்தேன்," என்றாராம்.

இந்தச் சங்கதிகளை எல்லாம் நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் எனக்கு மரியாதை கொடுத்தது. மரியாதையை உலையில் போட முடியாதே. தையல் வேலை கிடைக்குமா என்று நாலு இடத்தில் சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் ஒருநாள் காலை தியோடர் சார் போனில் கூப்பிட்டார்.

"கனி, ஒரு விஷயம். திருத்தி நேத்து என்னைப் பிடிச்சுக்கிச்சு."

"ஒங்களையா? நீங்க யார விட்டீக சார்?"

"உன்னையும் ரெபேக்காளையும்தான். பணியாளர் வரிசையில ரெண்டு இடம் காலியா இருக்கு, தப்பைப் புரிஞ்சுக்கிட்டவங்களை வெளிய அனுப்புறது பிழையா, நோக்கமான்னு கேக்குது. நோக்கம்னா என் பேரைப் போடுமாம்."

"அந்த விதிய எழுதுனது மேலிடத்துல உள்ளவுகதான சார்?"

"மேலிடத்தையும் கேட்டுச்சாம். அவங்க எல்லாரும் என்னைக் கை காட்டிட்டாங்க." அவர் சிரிப்பது கேட்டது. "நான் பிழைன்னு அழுத்திட்டேன். ரெபேக்காள் நேத்தே வந்துட்டா. நாளைக்கு நீயும் வந்துரு."

சந்தோஷம் தாளவில்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் உண்டே. "வந்து என்ன சார் செய்ய? எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சுன்னு ஒங்க மெஷினே சொல்லிருச்சு. இனிமே நான் தப்பா எழுதுனா அது நடிப்பாத்தான் இருக்கும்."

"எல்லாம் புரிஞ்சுபோச்சா? பாயின்டர்னா என்னன்னு சொல்லு."

"அது என்னது?"

"அடுத்த பாடம். சி படிக்க வந்த அத்தனை பேரும் அதுலதான் விழுந்து முட்டியைப் பேத்துக்குவாங்க. ஒரு பொருள் எந்தப் பெட்டியில இருக்குன்னு இடத்தைக் காட்டுறது. பொருள் இல்ல, இடம் மட்டும்."

"பொருளே இல்லாம வெறும் எடத்த வெச்சுக்கிட்டு என்ன சார் செய்யுறது?"

மறுமுனையில் அவர் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அடடா! இந்தக் கேள்வியை அப்படியே பத்திரமா வெச்சுக்கிட்டு நாளைக்குக் காலையில வாம்மா. அதுக்குள்ள யார்கிட்டயும் கேட்டுறாத!"

பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஆசையாகத் தன் போனை எடுத்தார். "பாயின்டர்தான? ஒரு நிமிசம் பொறு கனி, நான் பாத்துச் சொல்லுதேன்."

பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன்.

"பேசாம இருங்க! என் வேலைக்கு ஒலை வெச்சுராதீக!"